1764 மதுரை முற்றுகை, இளையோர் நாவல்: கதையை நகர்த்த வேண்டியது பையனா, கான்சாகிபா?

வைகைமணல்:

மதுரைக் கோட்டை முற்றுகையை வைத்து இளையோருக்கு ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து. கான்சாகிபு என்ற யூசுப்கான் (மருதநாயகம் என்றும் சொல்வார்கள்) கையில் வைத்திருந்த கோட்டையை 1763-ல் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாப் படையும் வந்து வளைத்தது, மழை பிடித்ததும் பின்வாங்கியது, மறு வருஷம் திரும்ப வந்தது என்று ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்த சண்டை அது. அவ்வளவையும் எழுதினால் பிள்ளைகள் களைத்துப்போவார்கள். அதனால் 1764 ஜூன் 26-ல் ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு முற்றுகைப் படை சுவரேறப் பார்த்து, பலத்த அடி வாங்கித் திரும்புகிறது. அதற்கப்புறம் மேஜர் கேம்பெல் நேராக மோதுவதை விட்டுவிட்டு, உள்ளே ஒரு மூட்டை தானியமும் போகாமல் அடைத்துப் பட்டினி போட்டே பிடிப்பது என்று முடிவு செய்கிறார். அங்கிருந்து கான்சாகிபைத் தூக்கில் போட்ட அக்டோபர் 15 வரைக்கும் உள்ள நாட்கள்தான் என் களம்.

நாயகன் கருப்பன், 12 வயது. அப்பா கோட்டைக்குள் குதிரை லாயத்தில் வேலை பார்க்கிறார். அண்ணன் வீரணன் சிப்பாய், ஆனால் வெளியே, கும்பினிப் படையில். இதைச் சும்மா பரபரப்புக்காக வைக்கவில்லை. கான்சாகிபே கும்பினிச் சிப்பாய்களுக்குத் தலைவராக இருந்தவர்தானே, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்களில் நிறையப் பேர் ஒன்றாகக் கவாத்து செய்தவர்கள். அப்புறம் தங்கச்சி செல்லி, ஐந்து வயது, சாப்பாடு இல்லாமல் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறாள்.

படித்துப் பார்த்த நண்பர் ஒருவர் கதைப்பின்னலையே மாற்றச் சொல்கிறார். கான்சாகிபைப் பிடித்துக் கொடுத்த மூன்று பேர், அதாவது பிரெஞ்சுக்காரன் மார்ஷான், திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிப், இவர்கள் கூடிப் பேசுவதைக் கருப்பன் ஒட்டுக்கேட்டுவிட்டு எச்சரிக்க ஓட வேண்டுமாம், அப்போதுதான் விறுவிறுப்பாம். எனக்கு இதில் சம்மதமே இல்லை. கம்மந்தான், அதாவது கான்சாகிபு, பிடிபட்டார் என்பது ஊருக்கே தெரிந்த கதை, பையன் எவ்வளவு ஓடினாலும் போய்ச் சேர மாட்டான் என்று படிக்கிற பிள்ளைக்கு முதலிலேயே தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், அந்த ஓட்டத்தில் கருப்பனுக்கென்று சொந்தமாக எதுவுமே இல்லை, அது கான்சாகிபின் காரியம். கருப்பனுக்கு வேண்டியது செல்லிக்கு ஒரு வாய்க் கூழ். அகழிக்குப் போகிற கழிவுநீர் மதகு வழியாக ராத்திரியில் வெளியே போய்த் தானியம் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறான், காவலுக்கு நிற்பது அண்ணன். இதுதான் என் கதை. தாராளமாகச் சொல்லுங்கள், இது போதுமா, போதாதா?

சம்மட்டிபுரம் பேரன்:

அண்ணே, நல்ல காரியம் செய்கிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. கான்சாகிபைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்று யார் எழுதியிருக்கிறார்கள்? எங்கள் சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது, தினமும் அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் கேட்டால் யாரோ ஒரு சாமியார் அடக்கமாகியிருக்கிறார் என்று சொல்லும். ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்து, வீட்டை விட்டு ஓடி, சிப்பாயாகச் சேர்ந்து, சென்னையை பிரெஞ்சுக்காரர் வளைத்தபோது அவர்களுக்கு வந்த சாமான்களை வழிமறித்து அடித்துப் பேர் வாங்கி, கும்பினிக்காரனிடமே தங்கப் பதக்கம் வாங்கி, கடைசியில் அதே கும்பினியை எதிர்த்து நின்ற ஆள். இதைவிடவா ஒரு பிள்ளைக்குப் பாத்திரம் வேண்டும்? கான்சாகிபை நடுவில் வையுங்கள், கருப்பன் அவருடைய குதிரையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்க்கட்டும். கூழுக்கு அலைகிற பையனை எந்த ஊர்ப் பஞ்சத்திலும் வைத்து எழுதலாம், கான்சாகிபு மதுரைக்கு ஒருத்தர்தான்.

திருமங்கலம் டீச்சர்:

தம்பி சொல்கிற ஆதங்கம் புரிகிறது. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வருஷக்கணக்காக நூலக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிற பையனைப் பிள்ளைகள் மதிக்கவே மாட்டார்கள். "சரி டீச்சர், அவன் என்ன செஞ்சான்?" என்றுதான் முதல் கேள்வி வரும். ராஜாவின் வீரத்தைப் பார்த்து வாய்பிளக்கிற பையனை வைத்து எத்தனையோ சரித்திரக் கதை வந்துவிட்டது. பையன் பெயரை மாற்றி வேறொரு பையனை வைத்தாலும் கதை அப்படியே ஓடும் என்றால் அவன் பாத்திரமே இல்லை.

சார், உங்கள் கருப்பனுக்கு ஆசை இருக்கிறது, வழியும் இருக்கிறது. ஆனால் இன்னும் விலை இல்லை. அண்ணன் காவலுக்கு நிற்கிறான், தம்பியைப் பார்த்ததும் மனம் இளகி ஒரு முடிச்சுக் கம்பு கொடுத்து அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் ராத்திரி சும்மா கொடுப்பான். இரண்டாம் ராத்திரியும் கொடுப்பான். அவனுக்கு மேலே ஒரு ஹவில்தார் இருக்கிறான், காவலுக்கு நிற்கிறவன் ராத்திரியில் யாரோடு பேசுகிறான் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்போது அண்ணன் தம்பியிடம் ஒன்று கேட்டுத்தான் ஆக வேண்டும். எந்தக் கொத்தளத்தில் ஆள் குறைவு, குதிரை எத்தனை மிச்சம் இருக்கிறது, இப்படி ஏதாவது. கருப்பன் சொல்வானா, மாட்டானா? கதை அங்கேதான் கிடக்கிறது. அவன் லாயக்காரர் மகன் என்பதால் குதிரைக் கணக்கு அவனுக்கு அத்துபடி, யாரிடமும் போய் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை.

நெல்லைச்சீமை:

மதுரைக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். எங்கள் பக்கம் கான்சாகிபு என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது பூலித்தேவர்தான். 1761-ல் அவருடைய நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் பிடித்தது யார்? கும்பினிக்காகவும் நவாபுக்காகவும் பீரங்கியோடு வந்தது இதே கம்மந்தான்தான். எங்கள் ஊர்ப் பிள்ளை இந்த நாவலைக் கையில் எடுத்து, அதில் அவர் பிறந்ததிலிருந்து வெள்ளைக்காரனை எதிர்த்தவர் என்று படித்தால் பாதியிலேயே மூடி வைத்துவிடும், மூடுவதுதான் நியாயமும். அவர் கும்பினியோடு முறைத்துக்கொண்டதும் குத்தகை விவகாரத்தில்தான். வருஷத்துக்கு 7 லட்சம் ரூபாய் கட்டுகிறேன், மதுரையும் திருநெல்வேலியும் என் கையிலேயே இருக்கட்டும் என்று கேட்டார், கொடுக்கவில்லை, நவாபுக்குக் கீழே கட்டுப்பட்டு இரு என்றார்கள், அதில் முறிந்தது. இதை எழுதினால் அவர் பெருமை ஒன்றும் குறையாது. மறைத்தால்தான் புத்தகத்தின் பேச்சை நம்ப முடியாமல் போகும்.

சம்மட்டிபுரம் பேரன்:

நான் மறைக்கச் சொல்லவில்லை அண்ணாச்சி. ஒருவர் நேற்று யாருக்காகச் சண்டை போட்டார் என்பதையே பிடித்துக்கொண்டிருந்தால், இன்றைக்கு ஏன் எதிர்த்து நின்றார் என்று எப்போது பேசுவது? அடங்கிப் போயிருந்தால் சொத்தோடு உயிரோடு இருந்திருப்பார். 1763-ல் பாரிஸில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சமாதான உடன்படிக்கை போட்டு முடித்துவிட்டார்கள், தமக்குப் பெரிய உதவி எதுவும் வராது என்று தெரிந்த பிறகும் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டுக் கோட்டைக்குள் நின்றார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

வைகைமணல்:

நீங்கள் இரண்டு பேர் சொல்வதும் கதைக்குள் வர வேண்டும், ஆனால் என் வாயால் வரக்கூடாது. கதை சொல்கிறவன் நடுவில் புகுந்து கான்சாகிபு நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ தீர்ப்பு எழுதினால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும். கருப்பன் வீட்டிலேயே அந்த வழக்கு நடக்கிறது. அவனுடைய அப்பத்தா நத்தம் பக்கத்துக்காரி. 1755-ல் கர்னல் ஹெரான் படை கோவிலில் கொள்ளையடித்த சாமி சிலைகளோடு நத்தம் கணவாய் வழியாகத் திரும்பியபோது கள்ளர்கள் மறித்து அடித்துச் சிலைகளை மீட்டார்களே, அந்தச் சண்டையை நேரில் பார்த்தவள். அந்தப் படையில் கான்சாகிபும் இருந்தார். அவள் சாகிற வரைக்கும் அவரை மன்னிக்கப் போவதில்லை, அவருடைய கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அவரைத் திட்டுவாள். அப்பா அதற்கு நேர் எதிர். லாயத்துக்கு வந்து ஒவ்வொரு குதிரையின் குளம்பையும் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிற துரை வேறு யாரும் இல்லை என்பார். சோறு போட்ட கை என்பார். பக்கத்து வீட்டு நெசவாளிக்கு இன்னொரு கணக்கு, தறிக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்துத் தூக்கிவிட்டவர் என்று.

கருப்பனுக்கு அவரைப் பார்த்தால் பயம், அவ்வளவுதான். நாவல் முழுக்க அவர் மொத்தம் மூன்று இடத்தில்தான் நேரில் வருவார் என்று நினைக்கிறேன். ஒரு இடத்தில் கருப்பனோடு பேசுவார்.

டீச்சர், நீங்கள் சொன்ன விலை என்னைத் தூங்கவிடாது போலிருக்கிறது. லாயத்துக் குதிரைக் கணக்கு மிகச் சரி. தீவனம் இல்லாமல் குதிரைகள் சாக ஆரம்பித்தால் அது வெளியே இருக்கிறவனுக்குத் தங்கமான செய்தி, எத்தனை நாள் தாங்குவார்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

பட்டுநூல் தெரு:

நெசவாளி வீடு என்றதும் ஓடி வந்தேன். நாயக்கர் காலத்திலிருந்து மதுரையில் இருக்கிற சௌராஷ்டிரக் குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாளா? இருந்தால், தயவுசெய்து அவளைக் கருப்பனுக்குப் புத்திமதி சொல்வதற்கும் காயத்துக்குத் துணி கிழித்துக் கட்டுவதற்கும் மட்டும் வைக்காதீர்கள். போர்க் கதை என்றால் பெண்பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வேலைதான் எப்போதும்.

ஒன்று சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திப் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்கு, கஞ்சி போட வேண்டும். கஞ்சி போடாத பாவு தறியில் ஏறினால் நூல் பிசிர் பிசிராக எழும்பி அறுந்துகொண்டே இருக்கும், நெய்யவே முடியாது. விடியற்காலையில் தெருவோடு தெருவாகப் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சியை வடிகட்டி நூல் முழுக்கத் தடவி, இரண்டு பக்கமும் ஆள் நின்று கட்டைத் தூரிகையால் இழுத்துக்கொண்டே போவார்கள், வெயில் ஏறுவதற்குள் காய வேண்டும். இப்போது முற்றுகையை நினைத்துப் பாருங்கள். நெசவாளி வீட்டில் பாவுக்கென்று எடுத்து வைத்த அரிசி இருக்கிறது. தெருவில் பிள்ளைகள் பசியில் அழுகின்றன. பாவுக்குக் கஞ்சி போடாவிட்டால் தறி நிற்கும், முன்பணக் கடன் ஏறும், சண்டை முடிந்த பிறகு குடும்பம் எழுந்திருக்காது. போட்டால் அடுத்த வீட்டுக் குழந்தையின் சோற்றை நூலில் தடவுகிறோம். அந்தப் பெண்ணின் அப்பா பாவை நீட்டிக் கட்டிவிட்டுக் கஞ்சிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், தெருவே வாசலில் நின்று பார்க்கிறது. அவளுக்கு 13 வயது, சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுப் போட்டு நகம் தேய்ந்தவள். அவள் அந்தச் சட்டியை வாங்கிக்கொண்டு போய் செல்லிக்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? இது அவளுடைய கதை. கருப்பன் மதகு வழியாகப் போவதற்கு இது கொஞ்சமும் குறைந்த துணிச்சல் இல்லை.

திருமங்கலம் டீச்சர்:

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சார், இந்தக் கஞ்சிச் சட்டிக் காட்சியை விட்டுவிடாதீர்கள். பீரங்கியே வெடிக்காமல் போர் ஒரு தெருவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அழகர்மலை:

நன்றாகப் போகிறது. எனக்கு ஒரு யோசனை, தானியத்துக்குப் பதில் தண்ணீர் என்று வைத்தால் இன்னும் கூர்மையாக இருக்காதா? தாகம் பசியைவிடச் சீக்கிரம் கொல்லும், கருப்பன் ராத்திரி வைகைக்குப் போய்க் குடத்தை நிறைத்துக்கொண்டு வரட்டும்.

கீழவாசல்:

தண்ணீர் நிற்காது நண்பரே. கோட்டைக்குள் கிணறுகள் இருந்திருக்கின்றன, நடுவில் பொற்றாமரைக் குளம் வேறு. தானியமே சரி. இன்னொன்று, ஆனி ஆடியில் வைகையில் குடத்தை முக்கி எடுப்பதாக யாரும் எழுதிவிட வேண்டாம். பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியதே 1895-ல் அணை கட்டின பிறகுதான். 1764 கோடையில் வைகை என்றால் மணல், மணலில் தோண்டிய ஊற்று, அவ்வளவுதான். கருப்பன் வெளியே போகும்போது வெறும் மணல்வெளியில் நிலா வெளிச்சத்தில் ஒளிய ஒரு புதர்கூட இல்லாமல் நடக்க வேண்டியிருக்கும், அதை நன்றாகப் பயன்படுத்தலாம்.

கோட்டையின் அமைப்பை எழுதுகிறவர் ஒரு தடவையாவது காலால் நடந்து பார்க்க வேண்டும். இன்றைக்கு வெளி வீதிகள் போகிற தடம்தான் ஏறக்குறைய வெளிச்சுவர் நின்ற தடம். 72 கொத்தளம் என்று சொல்வார்கள், இப்போது பெரியார் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரே ஒரு துண்டு மிச்சம் நிற்கிறது, அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள், 12 வயதுப் பையன் கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். மற்றதையெல்லாம் 1840-களில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது இடித்து, அகழியைத் தூர்த்து, இடத்தை ஊர்க்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். விளக்குத்தூண் அவர் பேரில் வைத்ததுதான். அதனால் கதைக்குள் மாசி வீதி வரலாம், வெளி வீதி வரவே கூடாது, மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்போது கிடையாது. பிள்ளைகள் வீட்டில் காப்பி, தேத்தண்ணி, தக்காளி ரசம், தீப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. கம்பு, வரகு, கேழ்வரகு, நீராகாரம், முருங்கைக்கீரை, புளியம்பிஞ்சு. நெருப்பு வேண்டுமென்றால் அடுத்த வீட்டில் போய்த் தணல் வாங்கி வர வேண்டும், சிக்கிமுக்கிக் கல்லும் இருக்கும்.

காலக்கணக்கும் ஒன்று. ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை மூன்றரை மாதம் சொச்சம். ஐந்து வயதுக் குழந்தையின் பசியை அவ்வளவு நாளும் ஒரே அளவில் வைத்து எழுத முடியாது. முதல் மாதம் அம்மா படியால் அளக்கிறாள், அடுத்த மாதம் உழக்கால் அளக்கிறாள், அப்புறம் ஆழாக்கு, அதற்கப்புறம் அளக்கிற பாத்திரமே தேவைப்படாது, கையில் அள்ளிப் போடுகிறாள். தேதி போடாமலே பிள்ளைகளுக்கு மாதம் போவது தெரிந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்பு:

எல்லாருக்கும் வணக்கம், எனக்கு 14 வயது, எங்க சித்தப்பா இதை அனுப்பி நீயும் எழுதுடா என்றார். நான் நிறைய கதை படிப்பேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில், ஒட்டுக்கேட்கிற கதை வேண்டாம். பெரியவர்கள் ரகசியம் பேசுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே எப்போதும் ஒரு பையன் ஒளிந்திருப்பான், எல்லாக் கதையிலும் அப்படித்தான், போர் அடிக்கிறது.

கருப்பன் அண்ணனிடம் குதிரைக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். சொல்லாமல் தைரியமாகத் திரும்பி வந்துவிட்டால் அவன் ரொம்ப நல்லவன் ஆகிவிடுவான், என்னால் அவனோடு இருக்க முடியாது. ஆனால் அவன் சொல்கிற இடத்தில் எனக்கும் சொல்லத் தோன்ற வேண்டும். அதுக்கு முன்னாடி செல்லி என்ன செய்தாள் என்று நல்லா காட்டுங்கள், வெறும் பசி பசி என்று எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவள் என்ன விளையாடுவாள், எதுக்கு அடம் பிடிப்பாள், அது முதலில் வேண்டும். அப்புறம் அந்த அடம் பிடிப்பது நின்றுபோக வேண்டும்.

அப்புறம் ஒரு சந்தேகம். அவன் சொன்னதால் யாராவது சாவார்களா?

வைகைமணல்:

தம்பி, நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். "அடம் பிடிப்பது நின்றுபோக வேண்டும்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். செல்லி சாப்பிடும்போது அப்பத்தா மடியில்தான் உட்காருவேன், வேறு யார் மடியிலும் மாட்டேன் என்று ரகளை செய்கிற பிள்ளை. ஒரு நாள் யார் மடியில் உட்கார வைத்தாலும் உட்கார்ந்துகொள்கிறாள். அன்று ராத்திரிதான் கருப்பன் அண்ணனிடம் வாய் திறக்கிறான்.

உன் கேள்விக்குப் பதில், ஆமாம். அவன் லாயத்தில் உயிரோடு இருக்கிற குதிரை எத்தனை, தீவனம் எத்தனை நாளுக்கு என்று சொல்கிறான். இரண்டு நாள் கழித்து வெளியே தீவனம் தேடிப் போன ஆட்களை வழியில் காத்திருந்து சுடுகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கு இப்போது தெரியும். செத்தவர்களில் ஒருவர் அப்பாவோடு வேலை பார்த்தவர், கருப்பனுக்குக் குதிரை ஏறக் கற்றுக்கொடுத்தவர். இது சரித்திரத்தில் எங்கேயும் எழுதப்பட்ட சம்பவம் இல்லை, என் கற்பனை, முன்னுரையில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுவேன். முற்றுகையின் போக்கை மாற்றாத அளவுக்குச் சின்னது, ஒரு பையனின் உலகத்தைக் கவிழ்க்கிற அளவுக்குப் பெரியது.

இதற்கப்புறம்தான் மார்ஷானும் சீனிவாசராவும் பாபா சாகிபும் கதையில் வருகிறார்கள். அவர்கள் கான்சாகிபைத் தொழுகையில் இருக்கும்போது பாய்ந்து பிடித்து அவருடைய தலைப்பாகையாலேயே கட்டிப்போட்டார்கள் என்ற செய்தி தெருவுக்கு வரும்போது ஊரே துரோகிகள் என்று மண்ணை வாரித் தூற்றுகிறது. கருப்பனும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறான். அவனால் மண்ணை அள்ள முடியவில்லை. ஏன் அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று அந்தக் கூட்டத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் கொஞ்சம் புரிகிறது. இதற்காகத்தான் ஒட்டுக்கேட்கிற கதை வேண்டாம் என்று அடித்துச் சொன்னேன். அந்தக் கதையில் துரோகம் வேறு யாரோ செய்வது, பையன் சுத்தமாக இருந்துவிடுவான்.

நெல்லைச்சீமை:

இது பெரிய விஷயம். ஆனால் ஒரு எச்சரிக்கை. புரிகிறது என்பது மன்னிப்பது என்று ஆகிவிடக் கூடாது. பசியில் தங்கச்சிக்காகச் சொன்னவனும், தன் தலைவனைப் பிடித்துக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டவர்களும் ஒன்று இல்லை. கருப்பனுக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும். அப்பத்தாவை வைத்துச் சொல்ல வைக்கலாம், அவளுக்குத்தான் கான்சாகிபைப் பிடிக்கவே பிடிக்காதே, அவளே அவர்களைக் காறித் துப்பினால் அதற்குத் தனி எடை உண்டு.

சம்மட்டிபுரம் பேரன்:

அப்பத்தா துப்புகிற இடத்தைக் கட்டாயம் எழுதுங்கள் அண்ணே. எனக்கு இப்போது உங்கள் வழி பிடித்திருக்கிறது. ஆனால் தூக்கு? அதை எப்படி எழுதப் போகிறீர்கள்? எங்கள் பக்கம் சொல்கிற கதையில் கயிறு அறுந்து அறுந்து விழுந்தது என்பார்கள், செத்த பிறகும் பயந்து உடம்பைத் துண்டு போட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள், எங்கள் ஊரில் இருப்பது ஒரு பாகம்தான் என்பார்கள். கான்சாகிபு சண்டை என்று கதைப்பாடலே பாடியிருக்கிறார்கள். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு என்று சொல்லி வெட்டிவிடாதீர்கள்.

திருமங்கலம் டீச்சர்:

வெட்ட வேண்டியதில்லை, ஆனால் யார் கண்ணால் காட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். சாவைப் பிள்ளைகள் தாங்குவார்கள். வீட்டில் தாத்தா செத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்தானே நம் பிள்ளைகள். அவர்களால் தாங்க முடியாதது, எழுதுகிறவர் ரத்தத்தை ரசித்து ரசித்து எழுதுவது. கருப்பன் அந்த இடத்தில் நிற்க ஒரு காரணமும் இல்லை. தூக்குப் போட்டது முற்றுகைப் படை இறங்கியிருந்த பாசறைப் பக்கம், கோட்டைக்கு வெளியே. அவன் ஊருக்குள் இருக்கிறான். அவனுக்குச் செய்தியாகத்தான் வரும், அதுவும் ஒவ்வொருவர் வாயில் ஒவ்வொரு விதமாக. ஒருத்தர் கயிறு அறுந்தது என்கிறார், ஒருத்தர் இல்லவே இல்லை என்கிறார், ஒருத்தர் அவர் சாகவே இல்லை, தப்பித்துவிட்டார் என்கிறார். தம்பி சொல்கிற ஊர்க்கதை முழுக்க அதில் வந்துவிடும், நடந்தது இதுதான் என்று நாம் சாட்சி சொல்லவும் வேண்டாம்.

சார், இன்னொன்று. தூக்கோடு முடிக்கப் போவதாக ஆரம்பத்தில் சொன்னீர்கள். அது கான்சாகிபு கதைக்கு முடிவு. கருப்பன் கதை அங்கே முடியாது.

கீழவாசல்:

டீச்சர் சொல்வது சரி. கோட்டை வாசல் திறக்கிறது, கும்பினிச் சிப்பாய்கள் உள்ளே வருகிறார்கள். வீரணனும் வருவான் அல்லவா? சிவப்புச் சட்டையோடு தன் வீட்டுக்கு வருகிறான். வீட்டில் யார் கதவைத் திறப்பது?

பட்டுநூல் தெரு:

அப்பா திறக்கக் கூடாது. அம்மா திறந்தால் அழுகை ஆகிவிடும். செல்லி திறக்கட்டும். அவளுக்கு அண்ணன் முகம் மறந்துபோயிருக்கும்.

வைகைமணல்:

இன்றைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அத்தியாய வரிசையை மாற்றி எழுதினேன். தூக்கு கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் செய்தியாக மட்டும் வருகிறது. கடைசி அத்தியாயம் வீரணன் வீட்டுக்கு வருவது. செல்லி திறக்கிறாள், அவனைத் தெரியவில்லை, ஆனால் பயப்படவும் இல்லை, யார் நீங்கள் என்று கேட்கிறாள். கருப்பன் பின்னால் நிற்கிறான். அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. குதிரைக் கணக்கு வெளியே போனது இந்த இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். வீரணன் வாயைத் திறந்தால் தம்பியைக் காட்டிக்கொடுத்தவன் ஆவான், திறக்காவிட்டால் செத்தவருடைய வீட்டுக்காரர்கள் முன்னால் காலம் முழுக்கப் பொய்யோடு இருக்க வேண்டும். கருப்பனே சொல்லிவிடுவான் என்று எழுதப் போகிறேன். யாரும் கேட்காமல், அப்பாவிடம், லாயத்தில், காலியான தொட்டிகளுக்கு நடுவில். அப்பா என்ன செய்வார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அடிக்க மாட்டார். கட்டிப்பிடித்துக்கொள்ளவும் மாட்டார்.

நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு ரங்கம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன், கஞ்சிச் சட்டிக்கு ஒரு முழு அத்தியாயம், அவள் கண்ணால். அவள் அப்பா அவளோடு பல நாள் பேசாமல் இருப்பார், பாவு நீட்டிய படியே தெருவில் கிடந்து மழையில் நனையும். பாவு வேலையில் எனக்குத் தெரியாத நுணுக்கம் நிறைய இருக்கும், அந்த அத்தியாயத்தை உங்களிடம் அனுப்பினால் பார்த்துத் தருவீர்களா?

பட்டுநூல் தெரு:

கட்டாயம் அனுப்புங்கள். எங்கள் பெரியம்மா சின்ன வயசில் பாவு இழுத்தவர், அவரிடம் வாசித்துக் காட்டுகிறேன். ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன், மழை வருகிற மாதிரி இருந்தால் யாரும் பாவை நீட்டவே மாட்டார்கள். எதிர்பாராமல் வந்த மழை என்று காட்டுங்கள், அல்லது எடுத்து உள்ளே போடக்கூட அந்த மனுஷனுக்கு மனம் இல்லை என்று காட்டுங்கள். இரண்டாவது எனக்குப் பிடிக்கும்.

ஒன்பதாம் வகுப்பு:

செல்லி பிழைத்துவிடுவாள்தானே? கதவைத் திறக்கிறாள் என்றால் பிழைத்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அவர் ஒன்றும் பேசாமல் செத்துப்போனவரின் வீட்டுக்குக் கருப்பனைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே அவன்தான் பேச வேண்டும்.

வைகைமணல்:

பிழைத்துவிடுவாள் தம்பி, அதில் மாற்றமே இல்லை. நீ சொன்ன மாதிரியே அப்பா கூட்டிக்கொண்டு போகிறார். அந்த வீட்டு வாசலில் என்ன பேச்சு நடக்கும் என்று இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பரீட்சை முடிந்ததும் முழுப் பிரதியையும் சித்தப்பா மூலம் அனுப்புகிறேன், எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடத் தோன்றியதோ அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிக் கொடு.